பேசாத நாயகிகள்

ஜார்ஜ் கீட் வரைந்த பெண்ணை ஒருமுறை பார்த்தவர்கள் அடுத்த முறை ஓவியத்தின் மூலையில் கையொப்பத்தைத் தேட மாட்டார்கள். கனத்த கறுப்புக் கோடு, பக்கவாட்டில் திரும்பிய முகத்திலும் நம்மை நேராகப் பார்க்கும் நீண்ட கண், தட்டுத்தட்டாக மடிந்து நிற்கும் உடல், தடித்த உதடு, கையில் ஒரு பூ அல்லது ஒரு கண்ணாடி அல்லது யாருடைய தோளோ. 1901இல் கண்டியில் பிறந்து 1993இல் மறைந்த கீட், இலங்கை நவீன ஓவியத்தின் பெரிய பெயர். ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் குடும்பத்தில் பிறந்தவர். ஆங்கிலம் பேசிய வீடு, திரித்துவக் கல்லூரிப் படிப்பு. இளம் வயதில் மல்வத்தை விகாரைப் பிக்குகளோடு பழகி பௌத்தத்துக்குள் வந்தார். பிறகு சம்ஸ்கிருதக் காவியங்களுக்குள்ளும் இந்தியச் சிற்பத்துக்குள்ளும் போனார். ஜெயதேவரின் கீதகோவிந்தத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். சொந்தமாகக் கவிதைத் தொகுப்புகளும் வெளியிட்டார். 1943இல் கொழும்பில் லயனல் வென்ட் வீட்டில் கூடி உருவான '43 குழு'வில் மிக அறியப்பட்டவர் அவர்தான். தீவின் அன்றாட வாழ்வையும் மரபையும் நவீன ஓவிய மொழியில் சொன்னவர் என்று அவரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் எழுதுகிறார்கள்.

அந்த 'அன்றாட வாழ்வு' என்ற சொல்லைத்தான் இங்கே கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். யாருடைய அன்றாடம்?

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்த ஓவியங்கள் பிடிக்கும். ரவிவர்மாவின் அச்சுப்படங்கள் நம் வீட்டுப் பூஜை அறைகளில் ஏறிய நாளிலிருந்து, அழகான பெண் என்றால் வெளுத்தவள், மெலிந்த விரல் உள்ளவள், பட்டுச் சேலையில் சரிகை மின்ன நிற்பவள் என்று நம் கண் பழகிவிட்டது. சரஸ்வதியும் லட்சுமியும் அந்த நிறத்தில்தான் வந்தார்கள். சினிமா அதற்கு மேல் பவுடர் போட்டது. கீட்டின் பெண் அப்படி இல்லை. அவள் கறுப்பு, சில நேரம் செங்கல் சிவப்பு, சில நேரம் பச்சை. இடுப்பு அகலம், கழுத்து தடிமன். தன் உடலுக்காக அவள் வெட்கப்படுவதில்லை, அதைக் குறுக்கிக்கொள்வதும் இல்லை. சட்டகம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கிறாள். திருமண விளம்பரங்களில் 'மாநிறம்' என்று எழுதிக்கொடுக்கும் ஊரில் பிறந்த பெண்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. என் வகுப்பில் திரையில் இந்த ஓவியங்களைக் காட்டும்போது முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சில முகங்களில் ஏற்படும் மாற்றத்தை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அடுத்தடுத்து இருபது, முப்பது ஓவியங்களைப் பார்த்துக்கொண்டே போனால் கவனம் கைகளில் வந்து நிற்கிறது. இந்தக் கைகள் என்ன செய்கின்றன? தாமரையை ஏந்துகின்றன. கூந்தலை ஒதுக்குகின்றன. காதலனின் மார்பில் படிகின்றன. தோழியின் தோளில் சாய்கின்றன. குடம் வந்தாலும் அது தண்ணீர் நிரம்பிய குடமாகத் தெரிவதில்லை. இடுப்பின் வளைவுக்கு இன்னொரு வளைவாகத்தான் இருக்கிறது. பாரம் ஏறிய தோள் எப்படி ஒரு பக்கம் இறங்கும் என்பது தண்ணீர் தூக்கிய எல்லோருக்கும் தெரியும். இந்தத் தோள்கள் இறங்குவதில்லை. கோடு அவ்வளவு அழகாக ஓடுகிறது, அதற்கு எடை வேண்டியதில்லை.

கீட் இந்தப் பெண்களை எடுத்தது தெருவிலிருந்தா, நூலிலிருந்தா என்று கேட்டால் பதில் அவரே சூட்டிய தலைப்புகளில் இருக்கிறது. நாயிகா என்ற தலைப்பு திரும்பத் திரும்ப வருகிறது. வடமொழிக் கவிதையியல் நாயகியை எட்டு நிலைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது: அலங்கரித்துக் காத்திருப்பவள், வராதவனுக்காக வாடுபவள், ஊடியவள், ஊடிவிட்டு வருந்துபவள், இருட்டில் அவனைத் தேடிப் புறப்பட்டவள் என்று. எட்டும் அவனை வைத்துத்தான். அவன் வந்தானா, வரவில்லையா, தாமதமாக வந்தானா என்பதைத் தவிர அவளுக்கு வேறு நாள் இல்லை, வேறு கிழமை இல்லை.

நம் அகமரபும் காத்திருக்கும் பெண்ணைப் பாடியதுதானே என்று மாணவிகள் கேட்பதுண்டு. பாடியதுதான். ஆனால் அகப்பாட்டின் தலைவி காத்திருக்கும் இடம் ஒரு வேலையிடம். குறிஞ்சியில் அவள் தினைப்புனத்தில் கிளி ஓட்டிக்கொண்டிருக்கிறாள். நெய்தலில் வெயிலில் காயும் மீனைப் பறவை கொத்தாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். உப்பு விற்க வரும் பெண் தெருவில் விலை கூவுகிறாள். தினை அறுவடை ஆகிவிட்டால் காவலுக்கு வர முடியாது, காவலுக்கு வராவிட்டால் அவனைப் பார்க்க முடியாது. காதலின் சிக்கலே வேலையின் பருவத்தோடு பின்னியிருக்கிறது. அந்தப் பாட்டுகளிலும் ஆண்கள் எழுதிய பெண்குரல் ஏராளம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அங்கே அவள் வாய் திறந்து பேசுகிறாள், அவள் கையில் ஒரு வேலை இருக்கிறது. மரபு என்பது ஒரே மூட்டையாக நம் கைக்கு வருவதில்லை. ஒவ்வொரு கலைஞரும் அதிலிருந்து ஒன்றை எடுத்து, ஒன்றை விடுகிறார். கீட் காத்திருப்பை எடுத்துக்கொண்டு வேலையை விட்டுவிட்டார்.

கீட்டின் பெண்களுக்குத் தாய்வீடு என்று சிகிரியாவைச் சொல்வார்கள். ஐந்தாம் நூற்றாண்டில், காசியப்பன் காலத்தில், பாறையின் பாதி உயரத்தில் தீட்டப்பட்ட பெண்கள். இடுப்புக்குக் கீழே மேகம், கையில் பூத்தட்டு. அந்த ஓவியங்களைவிட எனக்கு அருகிலிருக்கும் கண்ணாடிச் சுவர்தான் பெரிய அதிசயம். எட்டாம் நூற்றாண்டிலிருந்து பத்தாம் நூற்றாண்டு வரை அங்கே ஏறிவந்த பயணிகள் அந்தப் பளபளப்பான சுவரில் தங்கள் கவிதைகளைக் கீறி வைத்திருக்கிறார்கள். செனரத் பரணவிதான அவற்றில் 685 பாடல்களைப் படித்து 1956இல் பதிப்பித்தார். பெரும்பாலானவை ஆண்களுடையவை. அவற்றில் மறுபடி மறுபடி வரும் புகார் ஒன்று: இந்தப் பெண்கள் பேச மாட்டேன் என்கிறார்கள். இவ்வளவு தூரம் ஏறி வந்தோம், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று ஒவ்வொருவரும் தன் ஊர்ப் பெயரோடு எழுதி வைத்துவிட்டு இறங்கியிருக்கிறார்கள். அந்தச் சுவரில் சில பெண்களும் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த ஓவியப் பெண்களிடம் பேச்சு வாங்கும் ஆசை அவ்வளவாக இல்லை. இரக்கம் உண்டு, கொஞ்சம் எரிச்சல் உண்டு, ஏறி வந்து உருகும் ஆண்களைப் பார்த்துக் கிண்டலும் உண்டு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஓவியத்தின் எதிரே நின்று பெண்கள் எழுதிய ஓவிய விமர்சனம் அது. நம் பாடத்திட்டங்களில் அதற்கு ஏன் இடமில்லை என்பது தனியாகப் பேச வேண்டியது.

இதற்கு நேர் எதிரான ஒரு காட்சி தமிழில் உண்டு. மணிமேகலையில், சக்கரவாளக் கோட்டத்துத் தூணில் செதுக்கிய கந்திற்பாவை பேசுகிறது. உதயகுமரன் வெட்டுப்பட்டுக் கிடக்கிறான். அவனுடைய விருப்பத்துக்கு ஒருபோதும் இணங்காத மணிமேகலை அந்த உடலுக்கருகே கலங்கி நிற்கிறாள். அப்போது ஒரு சிலை, கலங்கிய பெண்ணிடம், நடந்ததையும் இனி நடக்கப்போவதையும் எடுத்துச் சொல்கிறது. சாத்தனாரின் பௌத்தத்தில் பாவை பேசும். மணிமேகலையின் பயணமும் ஒரு தீவு வழியாகத்தான் போகிறது; அமுதசுரபி அவள் கைக்கு வருவது மணிபல்லவத்தில். அழகி என்று ஊர் முழுக்கப் பேசப்பட்ட ஒருத்தியின் கையில் காவியம் கொண்டுவந்து கொடுத்த பொருள் சோறு போடும் பாத்திரம். கீட்டின் நாயகிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாத்திரம் நினைவுக்கு வருகிறது.

பேசாத சிலையாகப் பெண்ணைப் பார்ப்பது கலை ரசனையின் விஷயம் மட்டும்தானா? 1929இல் சிலி நாட்டின் தூதரக அதிகாரியாகக் கொழும்புக்கு வந்த ஒரு இளம் கவிஞர் வெள்ளவத்தையில் கடலோரமாகக் குடியிருந்தார். பாப்லோ நெருதா. லயனல் வென்ட்டின் நண்பர். கீட்டின் ஓவியங்களைப் பாராட்டி எழுதியவர்களில் அவர் முந்தியவர். அவர் இறந்த பின் 1974இல் வெளிவந்த தன்வரலாற்றில், அந்த வீட்டின் கழிப்பறை வாளியை எடுக்க விடியற்காலையில் வந்த தமிழ்ப் பெண்ணைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். தான் இலங்கையில் பார்த்தவர்களிலேயே அழகானவள், ஒடுக்கப்பட்ட சாதிக்காரி என்கிறார். அவள் கவனத்தைத் திருப்பப் பரிசுகள் வைத்துப் பார்க்கிறார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒருநாள் காலை மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போகிறார். அவள் அசையவில்லை, எதுவும் பேசவில்லை, கண்ணை மூடவும் இல்லை. தென்னிந்தியாவின் பழஞ்சிற்பங்களோடு அவள் உடலை ஒப்பிட்டுவிட்டு, ஒரு மனிதன் சிலையோடு கூடியதைப் போல இருந்தது என்ற பொருளில் எழுதிச் செல்கிறார். அவள் தன்னை இகழ்ந்தது சரிதான் என்றும் ஒரு வாக்கியம் உண்டு. அது நடந்த மறுநாள் அவள் வேலைக்கு வந்தாளா, கூலி கிடைத்ததா என்பதற்கு அந்தப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை. 2018இல் சாந்தியாகோ விமான நிலையத்துக்கு நெருதாவின் பெயரைச் சூட்டும் யோசனை வந்தபோது சிலியின் பெண்ணியவாதிகள் எதிர்த்தார்கள். அந்தப் பக்கங்களை முன்வைத்துத்தான் எதிர்த்தார்கள். நம்மூரில் நெருதாவை மொழிபெயர்த்துக் கொண்டாடிய நாம், அவள் தமிழச்சி என்பதையே தாமதமாகத்தான் கவனித்தோம்.

நெருதா செய்ததற்குக் கீட் பொறுப்பில்லை. அப்படிச் சொல்ல எனக்கு எந்த உரிமையும் கிடையாது. நான் சொல்ல வருவது அந்த ஒப்பீட்டைப் பற்றி. மலம் அள்ளும் ஒரு பெண்ணின் உடல் ஆயிரம் ஆண்டுச் சிற்பமாகத் தெரியும் அந்த நொடியில் அவள் தலையில் இருக்கும் வாளி மறைந்துபோகிறது. அவளுக்குச் சம்மதமா என்ற கேள்வியும் அதோடு சேர்ந்து மறைகிறது. சிலையிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. அந்தக் காலக் கொழும்பில், ஐரோப்பியக் கவிஞர்களும் உள்ளூர்க் கலைஞர்களும் கூடிய அறைகளில், தெற்காசியப் பெண்ணைச் சிற்பமாகப் பார்ப்பதுதான் உயர்ந்த ரசனையாக இருந்தது. தாஹிட்டித் தீவுக்கு 1891இல் போன கோகேன் ஏற்கெனவே அதற்கு ஒரு வழி போட்டுக் கொடுத்திருந்தார். கீட் வெளியிலிருந்து வந்தவர் இல்லை, அந்த மண்ணில் பிறந்தவர், கிராமத்தில் போய் வாழ்ந்தவர். கோகேனின் பெண்களிடம் இருக்கும் விற்பனைக்கு வைத்த மௌனம் கீட்டின் பெண்களிடம் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு பேரின் வாழ்க்கை வரலாறுகளிலும் பெண்கள் ஓவியனின் காலகட்டங்களாகத்தான் வருகிறார்கள். ரூத் ஒரு காலம், பிலாவெல மெனிக்கே ஒரு காலம், குசும் ஒரு காலம்.

இப்போது கண்டிக்கு வருவோம். கீட்டின் வீட்டிலிருந்து எந்தத் திசையில் நடந்தாலும் சீக்கிரமே தேயிலை வந்துவிடும். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் வணிகத்துக்காக முதலில் தேயிலை நட்ட லூல்கந்துரா தோட்டம் கண்டிக்குப் பக்கம்தான். கீட் பிறந்தபோது அந்த மலைகள் முழுக்கத் தேயிலை. அதில் கொழுந்து பறித்தவர்கள் நம் ஊர்ப்பக்கமிருந்து, தமிழ் மாவட்டங்களிலிருந்து, கங்காணிகள் திரட்டிக்கொண்டு போன குடும்பங்களின் பெண்கள். விடியுமுன் பிரட்டு, தலையில் கயிறு மாட்டி முதுகில் கூடை, மடுவத்தில் நிறுவை, திரும்பி வந்தால் லயத்தில் அடுப்பு. கீட்டுக்குத் தெரிந்த தீவின் மிகப் பெரிய அன்றாடக் காட்சி இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். தீவின் வருமானமே இந்தக் கைகளில் இருந்தது. ஆனால் கீட்டின் பெயரைக் கேட்டதும் நம் கண்முன் வரும் தீவில் இந்தப் பெண் இல்லை. அதில் கண்டிப் பெண் இருக்கிறாள், ராதை இருக்கிறாள், புத்தரின் தாய் இருக்கிறாள்.

கீட் பொரளை கோதமி விகாரையின் சுவர்களில் புத்தரின் வாழ்க்கையைத் தீட்டியது 1939, 1940ஆம் ஆண்டுகளில். அவருடைய சாதனைகளில் தலையாயது அது என்றே நானும் சொல்வேன். ஆளுயரத்துக்கு மேல் எழும் உருவங்கள். மாயாதேவி நிற்கும் நிலையில் ஒரு மரத்தின் உறுதி இருக்கிறது. மாரனின் மகள்கள் மயக்க வரும் இடத்தில் அந்தக் கோடு துள்ளுகிறது. கோதமி என்ற பெயரோ புத்தரை வளர்த்த சிற்றன்னை மகாபிரஜாபதியை நினைவூட்டுவது. பெண்களையும் சங்கத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்டு நின்று, கேட்டதைப் பெற்றவள் அவள். இலங்கையிலோ பிக்குணிச் சங்கம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அற்றுப்போயிருந்தது. மறுபடி தொடங்க 1990கள் ஆயின. அவள் பெயர் தாங்கிய கூடத்தின் சுவரில் பெற்றவள், மயக்குபவள் என்ற இரண்டு வேடங்களே பெண்ணுக்கு ஓங்கி நிற்கின்றன.

அதே 1940இல் மலையகத்தில் இன்னொரு பெண் தன் பாட்டுகளைச் சிறு நூலாக வெளியிட்டார். மீனாட்சி அம்மாள். தொழிற்சங்கவாதி கோ. நடேசய்யரின் துணைவியார் என்றுதான் அவரை அறிமுகப்படுத்துவார்கள், நானும் இப்போது அப்படித்தான் செய்துவிட்டேன். தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் தானே எழுதிய பாட்டுகளைப் பாடியவர். கூலியைப் பற்றி, வாக்குரிமையைப் பற்றி, இந்திய வம்சாவளித் தமிழர்களை நாட்டைவிட்டு விலக்கப் பார்க்கும் அரசியலைப் பற்றிப் பாடியவர். தீவின் அன்றாடத்தை ஒரு பெண் அந்தக் காலத்திலேயே கலையாக்கிக்கொண்டுதான் இருந்தார். கலைவரலாறு எழுதியவர்கள் அதை வேறு அலமாரியில் வைத்தார்கள்.

கலைஞன் வரையாமல் விட்டதற்கு அவனைக் குறைசொல்லலாமா என்று கேட்பார்கள். ஒருவர் எதை வரைய வேண்டும் என்று நாம் உத்தரவு போட முடியாதுதான். '43 குழு'வின் பெயர்களாக நூல்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒன்பது, பத்துப் பேரும் ஆண்கள் என்பதற்குக் கீட் தனியாகப் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. ஆனால் ஒருவருடைய கனவுலகைத் தீவின் முகம் என்று ஒரு நாடு ஏற்றுக்கொள்ளும்போது அந்த முகத்தில் யார் இல்லை என்று கேட்கும் உரிமை பார்வையாளருக்கு உண்டு. 1948இல் சுதந்திரம் வந்தது. அதே ஆண்டின் குடியுரிமைச் சட்டம் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டபோது 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலை எண்ணிப் பிரித்தார்கள். சட்டம் எழுதியவர்கள் கீட்டின் ஓவியத்தைப் பார்த்துவிட்டு எழுதவில்லை. தீவின் மரபு எது, தீவின் பெண் யார் என்ற சித்திரம் பலருடைய மனதில் ஏற்கெனவே உருவாகியிருந்தது, அதில் கொழுந்துக்கூடைக்காரிக்கு இடமில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

இது திருவண்ணாமலையில் உட்கார்ந்து பேசக்கூடிய தூரத்து விஷயம் இல்லை. இந்த மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. அவற்றிலிருந்து என் வகுப்புக்கு மாணவிகள் வருகிறார்கள். இந்த ஊரே படம் எடுக்கப்படும் ஊர். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பூக்கட்டும் கிழவி ஒருத்தியாவது கேமராவுக்கு முகம் கொடுக்காமல் பௌர்ணமியைத் தாண்ட முடியாது. அவள் முகம் ஓவியமாகி, ஆசிரமத்துப் பக்கத்துக் கடைகளில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. 'ஆன்மிகச் சாந்தி' என்று அதற்குப் பேர் வேறு. முழம் என்ன விலைக்குப் போனது என்று அந்த ஓவியத்திடம் கேட்க முடியாது.

கீட்டை வகுப்பில் காட்டிய ஒரு நாள், கண்ணாடிச் சுவரின் கதையைச் சொல்லிவிட்டு, திரையிலிருக்கும் பெண் வாய் திறந்தால் என்ன சொல்வாள் என்று ஒரு வரி எழுதச் சொன்னேன். "கை மரத்துப்போச்சு, இறக்கட்டுமா?" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். வகுப்பே சிரித்தது. "இவங்க யாரும் வேலைக்கே போக மாட்டாங்களா மேடம்?" என்று இன்னொருத்தி. முகாமிலிருந்து வரும் மாணவி எதுவும் எழுதவில்லை. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு அருகில் வந்து, "எங்க அம்மாயி தலையில கூடைக் கயிறு பட்ட இடத்துல முடியே இருக்காது மேடம். அதை யாராச்சும் வரைஞ்சிருக்காங்களா?" என்று கேட்டாள்.

அவளுக்குப் பதில் சொல்ல நான் ஒரு ஓவியரிடம் போவதற்கு முன்னால் ஒரு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. கண்டியில் 1949க்கும் 1951க்கும் இடையில் கட்டப்பட்ட கருணாரத்ன வீடு. கட்டியவர் மினெட் டி சில்வா, 1918இல் கண்டியில் பிறந்தவர், பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் நிறுவனத்தில் 1948இல் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண். அந்த வீட்டுச் சுவரில் ஜார்ஜ் கீட்டின் ஓவியம் ஒன்று உண்டு. ஆனால் அதே வீட்டில் தும்பறைப் பாய்நெசவும் உள்ளூர்ச் சுடுமண் ஓடும் உண்டு. மினெட் மரபைத் தேடிப் போனபோது அதைச் செய்யும் கைகளிடம் போனார், வேலை கொடுத்தார், அந்த வேலை சுவரிலும் கதவிலும் தெரியும்படி வைத்தார். மரபு என்றால் கீட்டுக்கு ஒரு உருவம், மினெட்டுக்கு ஒரு தொழில். இந்த வித்தியாசத்துக்காகவே அந்த வீட்டை நான் வகுப்பில் காட்டத் தொடங்கினேன்.

மினெட்டின் தாய் ஆக்னஸ் டி சில்வா, பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு 1927இல் தொடங்கிய சங்கத்தின் முன்னணியில் இருந்தவர். டொனமூர் ஆணைக்குழுவின் முன் சாட்சி சொன்னபோது, தோட்டங்களில் வேலைசெய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்கிறீர்களா என்று அவரிடம் கேட்டார்கள். வேண்டும், அவர்களும் பெண்கள்தான், எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்று பதில் சொன்னார். பெரிய பெரிய ஆண் தலைவர்கள் சொத்தையும் படிப்பையும் அளவாக வைத்து வாதாடிய காலம். 1931இல் இலங்கையில் பெண்களுக்கும் வாக்குரிமை வந்தது. கீட்டின் ஊர்க்காரர்தான் ஆக்னஸும், அவரைப் போலவே பறங்கியர் சமூகத்தில் பிறந்தவர். மலையிலிருந்து இறங்கி வரும் கூடைக்காரியை அந்தக் காலத்தில், அந்த ஊரில், அந்த வகுப்பிலிருந்து பார்க்க முடியாது என்று யாராவது சொன்னால் எனக்கு ஆக்னஸ் போதும்.

பிறகு வந்த ஓவியர்களில் யாழ்ப்பாணத்து தா. சனாதனனை மாணவிகளுக்கு அறிமுகப்படுத்துகிறேன். 2011இல் வெளியான அவருடைய 'தீராத் தோம்பு' என்று நான் தமிழில் சொல்லிக்கொள்ளும் புத்தகத்தில், போரால் வீடிழந்த 80 பேர் தங்கள் வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து தாங்களே வரைந்தார்கள். அதன் மேல் கட்டடக் கலைஞரின் வரைபடம், அதன் பிறகு சனாதனனின் ஓவியம் என்று பக்கங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. தோம்பு என்பது ஒல்லாந்தர் வைத்த காணிப்பதிவேடு. ஆட்சியாளர்களின் அந்தப் பதிவேட்டை, வீட்டைப் பறிகொடுத்தவர்களின் கையால் திருப்பி எழுதவைத்தார் சனாதனன். முதல் கோடு ஓவியனுடையது இல்லை. கோணலான, அளவு தப்பிய, கிணற்றை வீட்டைவிடப் பெரிதாகப் போட்ட கோடுகளுக்கும் அதில் இடம் உண்டு. மட்டக்களப்பில் பெண்களோடு சேர்ந்து இயங்கும் வாசுகி ஜெயசங்கரின் ஓவியங்களையும் காட்டுகிறேன். அவருடைய பெண்கள் போரைப் பார்த்தவர்கள், வீட்டுக்குள் நடப்பதையும் பார்த்தவர்கள்; பார்ப்பவரின் வசதிக்காக அழகாக நிற்பதில்லை.

அந்த மாணவியிடம் தோம்புப் புத்தகத்தைக் காட்டிய வாரத்தின் கடைசியில் அவள் ஒரு கோடுபோட்ட நோட்டுத்தாளைக் கொண்டுவந்தாள். அம்மாயியிடம் கேட்டு வரைந்த லயத்துக் காம்பரா. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று ஓரத்தில் எழுதியிருந்தாள். முன்னால் இஸ்தோப்பு. உள்ளே ஒரு மூலையில் அடுப்பு, இன்னொரு மூலையில் கூடை, சுவரில் ஆணி, அதில் தொங்கும் கயிறு. அடுப்பை இரண்டு முறை அழித்து வரைந்த தடம் தாளில் இருந்தது. "நான் வாசல் பக்கம் போட்டேன் மேடம். அம்மாயி திட்டிச்சு. பின்பக்கம்தானாம். மழைச்சாரல் வராதாம்" என்றாள்.